பாடி

முன்னூறு சொற்களில் சுருக்கி எழுதுக.
பத்து மதிப்பெண்.
பலகையில் எழுதிவிட்டு
சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார் எமல்டா மேடம்.
பத்து வருஷப் போர், மேலும் பத்து வருஷம் கடல்,
வீடு வந்து சேராத ஒருவன்,
பன்னிரண்டாயிரம் வரி.
வெள்ளிக்கிழமைக்குள்.

எனக்கு ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை
பாபுராவ் தெரு லாட்ஜில் கவுண்டர்.
பதினெட்டு ரூம், ஒரு டேபிள் ஃபேன்,
சாவிக் கொக்கிகளுக்குக் கீழே
ஜெராக்ஸ் எடுத்த கிரேக்கம்.
இங்கிலீஷ் வழியாக வந்ததை
மனசுக்குள் குடியாத்தம் தமிழில் படிக்கிறேன்.
ஒற்றைக்கண் அரக்கன் வரும் பக்கத்தில்
கொசுவர்த்திச் சாம்பல்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம்.
வாசலில் வந்து நிற்பவன் எவனானாலும்
முதலில் கைகழுவத் தண்ணீர்,
அப்புறம் கறி, ரொட்டி, திராட்சை ரசம்.
வயிறு நிறைந்த பிறகுதான்
ஐயா யார், எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தீர்?

எங்கள் வழக்கம் தலைகீழ்.
முதலில் ஆதார், ஜெராக்ஸ் இரண்டு,
மூன்று நாள் அட்வான்ஸ்.
ஸ்டவ், குக்கர், தட்டு வாடகைக்கு வேண்டுமென்றால்
அதற்குத் தனி டெபாசிட்.
"பாவம் பாக்காத தம்பி," என்பார் இம்தியாஸ் பாய்,
"பாவம் பாத்தா கரண்ட் பில்லு இன்னா, நீ கட்டுவியா?"

மால்டாவிலிருந்து, சில்சரிலிருந்து
எக்ஸ்ரே கவரை மாரோடு அணைத்தபடி வருகிறார்கள்.
என் வங்காளம் மொத்தம் நாற்பது சொல்.
கொத்தோ தின் என்றால் எத்தனை நாள்.
ஜோல் என்றால் தண்ணீர்.
பாடி என்றால் வீடு.

முதல் வாரம் ஒருவர் கவுண்டரில் சாய்ந்து
"பாடி, பாடி" என்று அழுதார்.
நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டேன்.
வீட்டு ஞாபகமாம்.
தெருவே சிரித்தது, நானும்தான்.

காட்பாடி, கணியம்பாடி...
நம்மிடமும் இருந்திருக்கிறது அந்தச் சொல்,
ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டு.
தினமும் பஸ் போர்டில் பார்த்தும்
படிக்காமல் ஏறியிருக்கிறேன்.

பதினான்காம் நம்பர் ரூம்.
தபன் மண்டல், மனைவி மினதி. நபர்கள் 2.
காலி செய்யும் தேதியைச் சாயங்காலம் நான் எழுதுவேன்,
காலையில் மினதி வந்து அடிக்கச் சொல்வாள்,
டாக்டர் நாளைக்கு வரச் சொன்னாராம்.
பதினேழு முறை அடித்ததில்
அந்தக் கட்டத்தில் தாள் கிழிந்துவிட்டது.

வியாழன் இரவு
நூற்றெண்பது சொல் வரை வந்திருந்தேன்.
தீவின் கரையில் உட்கார்ந்து
கடலைப் பார்த்து அழுகிறான் அவன்.
இதற்கு எத்தனை சொல் செலவழிக்கலாம் என்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது
மினதி தனியாக வந்தாள். மணி இரண்டரை.
சாவியைக் கவுண்டரில் வைத்தாள்.

பாடி ஜாபோ என்றாளா, ஜாபே என்றாளா,
போகிறேன் என்றா, போகிறது என்றா,
கடைசி எழுத்தை ஃபேன் தின்றுவிட்டது.

எந்தப் பாடி?
நாக்கு நுனி வரை வந்தது.
கேட்கவில்லை.
செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கை கழுவினாள்.
என் டிபன்பாக்ஸில் எலுமிச்சைச் சாதம் இருந்தது.
பாதி சாப்பிட்டாள்,
ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு.

அதற்கப்புறம்தான் கேட்டேன்.
சொன்னாள்.

உடைந்த குக்கர் கைப்பிடிக்குப் பிடித்தம் செய்யாமல்
டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஐந்து மணிக்கு வண்டி வந்தது.
காலி செய்தவர்கள் என்ற பத்தியில்
2 என்றே எழுதினேன்.
இம்தியாஸ் பாய் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பேப்பர் திரும்பி வந்தது.
மொத்தம் 181 சொற்கள்.
முடிவு எங்கே? வீடு சேர்ந்தானா இல்லையா?
பத்துக்கு நாலு.
கடைசிச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு
ஸ்பெல்லிங் தப்பு என்று எழுதியிருந்தார் மேடம்.

தப்பாகத்தான் இருக்கும்.
அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று
எனக்கு இன்னும் தெரியாது.